பூட்டிய அறையில் இரண்டு மாதம்

கணவர் இறந்து மூன்று வருடம் கழித்து என் வயிறு பெருக்க ஆரம்பித்தது. அப்போது அண்ணன் வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். புடவைக்கு மேல் வயிறு தெரிந்ததும் அண்ணி என்னைத் தறிக்குப் பின்னாலிருந்த அறையில் விட்டுப் பூட்டினார்.

"யாருன்னு சொல்லிடு சரசா. சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது."

"சத்தியமா யாருமில்ல அண்ணி!"

அவர் நம்பவில்லை. நாளாக நாளாக எனக்கே என் உடம்பின் மேல் சந்தேகம் வந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள்?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வலி தாங்காமல் மயங்கி விழுந்தேன். அண்ணனும் அண்ணியும் ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சோதித்த டாக்டரம்மா அண்ணியைக் கூப்பிட்டார்.

"இது கர்ப்பம் இல்லம்மா. கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவுல சினைப்பை இருக்கும். இவங்களுக்கு இடது பக்கம் அது கட்டியாகி பூசணிக்காயாட்டம் இருக்குது. இப்ப முறுக்கிக்கினு இருக்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

பிழைத்தேன். அண்ணி கட்டிலருகே நின்று அழுதார்.

இப்போது என்னோடு நூல் சுற்றும் பெண்களில் யாருக்காவது வயிறு உப்பினால், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அது குழந்தையாகவே இருந்தாலும் அங்கேதானே போகவேண்டும்?