பாறை இடுக்கில் மூன்று மணல் மூட்டைகள்

பங்க்சர் கடையின் ரப்பர் பசை வாடை மூக்கில் ஏறினால் எனக்கு முல்லைப்பெரியாறு நினைவுக்கு வந்துவிடும். சென்ற வாரம் தேனியில் காருக்குக் காற்றடிக்க நின்றபோதும் கடைக்காரர் கேட்டது காதில் விழவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பட்டம் பெற்று வேலை கிடைக்காத நான், சேகர், ஜெபராஜ் மூன்று பேரும், லாரி ட்யூப்களை மூங்கிலோடு கட்டி மிதவை செய்து, லோயர் கேம்பிலிருந்து வீரபாண்டிக்கு அந்த ஆற்றிலேயே மூன்று நாளில் போகத் துணிந்தோம். ட்யூப்கள், தேவாரத்தில் பங்க்சர் கடை வைத்திருந்த சேகரின் மாமா தந்தவை, ஒட்டுப்போடாதது ஒன்றுமில்லை. சமையல் ஜெபராஜ் பொறுப்பு. போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம் என்பதால் உப்புமாவிலும் ஏலக்காய் மணந்தது. என் பொறுப்பு ஒரு நோட்டு. மனிதர்கள் ஆற்றை எப்படியெல்லாம் கெடுக்கிறார்கள் என்று வழிநெடுகக் குறித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் நாள் ஆறு இரு பாறைச் சுவர்களுக்கிடையே ஒடுங்கியது. எதிரொலி கேட்பதற்காகச் சேகர் தன் பெயரையே ஏழெட்டு முறை கூவினான். இடுக்கின் முடிவில் மணல் மூட்டையும் வைக்கோலும் அடுக்கிய தடுப்பு ஒன்று குறுக்கே நின்றது. மழை தள்ளிப்போன வருஷம். இருந்த தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்ப ஊரார் கட்டியது. மிதவையைத் தூக்கிக் கடக்கக் கரையே இல்லை.

"மூணு மூட்டைய எடுப்போம், போயிட்டுத் திரும்ப வச்சிருவோம்டா" என்றது, வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான்.

மூன்றாவதை எடுத்ததும் நான்காவது தானாகப் போயிற்று. சற்றைக்கெல்லாம் தடுப்பில் பாதி ஆற்றோடு போக, வாய்க்கால் வற்றியது.

"ஏலே, எவன்டா தடுப்பப் பிரிச்சது?" மண்வெட்டியோடு ஓடிவந்தவர் பேச்சியம்மா. வாய்க்கால் தண்ணீரை ஊரார் ஆளுக்கொரு முறை வைத்துப் பாய்ச்சினார்கள், அன்று முறை அவருடையது. "படிச்சவுகளா?"

"ஆமாக்கா."

"பாத்தாலே தெரியுது. பொழுது சாயிறவரைக்கும்தான் எம்முறை. விட்டா மறுமுறைக்கு எட்டு நாளு. நாத்து கருகிப் போயிரும்."

"மன்னிச்சிருங்கக்கா" என்றான் ஜெபராஜ்.

"மன்னிச்சாத் தண்ணி ஏறுமா? எறங்கு!"

மிதவையைப் பிரித்து மூங்கில்களை உடைப்பின் குறுக்கே அறைந்தோம். மூட்டைக்குச் சாக்கு இல்லை. ட்யூப்களை அறுத்து மணல் நிரப்பினோம்.

"எங்க மாமா கொன்னுருவாக" என்று முனகினான் சேகர்.

"அவரையும் இங்கன வரச் சொல்லு, ரெண்டு மூட்ட தூக்கட்டும்."

வாய்க்காலில் தண்ணீர் ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாற்றங்காலில் பாதி நனைவதற்குள் பொழுது சாய்ந்தது. அடுத்த முறைக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். சேறு பூசிய எங்களையும், வெடித்துக் கிடந்த மறுபாதியையும் பார்த்தார். யாரும் கேட்காமலே அவர் மண்வெட்டியைத் தரையில் போட்டு, வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"பாயட்டும். பெறகு திருப்பிக்கிறேன்."

வீரபாண்டிக்குப் பேருந்தில் போனோம். நோட்டில் அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை.

சென்ற ஆண்டு அந்தப் பாறை இடுக்குக்கு நடந்துபோனேன். இப்போது கான்கிரீட் தடுப்பு. வயலுக்கு வயல் போர்வெல். முறை வைத்துக் காத்திருப்பவர் எவருமில்லை. தடுப்பின் ஒரு மூலை உடைந்து தண்ணீர் வீணே போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் நின்றேன். அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்க ஒருவரும் வரவில்லை.