உப்புக் குறைந்தால் கறுப்புச் சீட்டு

"மாமா, உப்பு சரியா இருக்குங்களா?" என்று மருமகள் தினமும் கேட்கிறாள். நானும் தினமும், "சரியா இருக்கும்மா" என்கிறேன். தை மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. தாளிக்கும் வாசனைகூட மூக்கில் ஏறுவதில்லை. திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். மூன்று பேரும் முதலில் வயதைக் கேட்டார்கள். சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்கள். தட்டில் நான்கு இட்லி இருந்தால் நான்கையும் எண்ணிச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டேன் என்பதற்கு எனக்கு அந்த எண்ணிக்கை ஒன்றுதான் சாட்சி.

இப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அம்மாவின் தம்பியான என் மாமாவின் நினைவு வந்துவிடுகிறது. அவர் விசேஷங்களுக்குச் சமைக்கப் போகும் சமையல்காரர். அவருடைய வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். அடுப்பு எரிந்து உலை கொதிக்கும் வரை கூட வேலை செய்பவர்களுக்குச் சீட்டு வித்தை காட்டுவார். முடிந்ததும் ஐம்பத்திரண்டையும் எண்ணிப் பார்த்துத்தான் மடிப்பில் செருகுவார். எண்ணுவதில் எனக்கும் பித்து என்பதால் அந்த வேலையை அவ்வப்போது என்னிடம் கொடுப்பார்.

சமையலும் சீட்டும் ஒரே வேலை என்பது அவருடைய கட்சி. சாம்பார் தீர்ந்துபோன பந்தியில் பரிமாறுகிறவரை, "ரசம் ஊத்தவா, மோருக்குப் போயிரலாமா?" என்று கேட்கச் சொல்வார். சாப்பிடுகிறவர் தானே யோசித்து ரசத்தைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வார். சாம்பார் ஞாபகமே வராது. சீட்டை விசிறியாக விரித்து, "ஒனக்குப் புடிச்சத எடு" என்று அவர் நீட்டும்போதும் அதுதான் நடக்கும். அவர் கொடுக்க நினைத்த சீட்டைத்தான் நாம் எடுப்போம். "எல்லாரும் மொகத்தப் பாப்பாங்க மாப்ள. சூது பூரா வெரல்லதான் இருக்கு" என்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் மாமா காய்ச்சலில் படுத்து எழுந்தார். அதன் பிறகு ஒரு புது வித்தை ஆரம்பித்தார். அதற்கு நான் வேண்டும் என்று, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வரும் விசேஷங்களுக்கெல்லாம் என்னையும் கூட்டிப் போனார்.

குழம்பு இறக்கும் நேரத்தில், "மாப்ள, இங்கிட்டு வா" என்று கூப்பிடுவார். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நான் நக்கிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல், சீட்டுக்கட்டை வாங்கித் திரும்பி நின்று ஒரு சீட்டு எடுக்க வேண்டும். உப்புச் சரியாக இருந்தால் சிவப்பு, குறைந்தால் கறுப்பு, கூடியிருந்தால் ராஜா அல்லது ராணி. எடுத்ததை நானே கட்டின் நடுவில் சொருகிக் கொடுப்பேன். மாமா இரண்டு முறை கலைப்பார், கண்ணை மூடுவார், "மருமவனுக்கு உப்புப் பத்தல!" என்று கத்திவிட்டு என் சீட்டை எடுத்து நீட்டுவார். வெங்காயம் உரிக்கும் பெண்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஒரு கை உப்பு அண்டாவில் விழும்.

உப்புக் குறைவு என்பது மாமாவுக்கு முன்பே தெரியும், என் மனசில் இருப்பதைத்தான் கண்டுபிடிக்கிறார் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். ஒரு தடவையாவது அவரைத் தோற்கடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கருப்பர் கோவிலில் காதுகுத்து. கிடா வெட்டி, கறிக்குழம்பு. பெரிய குடும்பம், அது நன்றாக நடந்தால் அந்த வட்டாரத்துக் கல்யாணமெல்லாம் மாமாவுக்குத்தான் என்று கூட வந்திருந்த அம்மா சொன்னாள். ஆனால் சாமிக்குப் படைக்கும் வரை அங்கே யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. சமையல்காரர் ஆவியை மோந்து பார்த்தே உப்புச் சொல்ல வேண்டும். மாமா அதில் பேர் பெற்றவர்.

"மாமா, சீட்டு?" என்றேன்.

"இன்னிக்கு வேணாம் மாப்ள. சாமி காரியம்."

உப்பை மாமாவேதான் போடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் உப்புச் சட்டியைத் தூக்கிய நேரத்தில் வீட்டுக்காரர் வந்து எத்தனை பந்தி என்று கேட்க, பேசிக்கொண்டே இரண்டடி நகர்ந்தார். திரும்பி வந்தவர் கையில் உப்போடு அண்டாவின் மேல் குனிந்து நின்றார். மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். கண்களை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நானும் கையைக் கூப்பினேன். கடைசியில், போட்டாகிவிட்டது என்று தீர்மானித்தவர்போல உப்பைச் சட்டியிலேயே தட்டிவிட்டார்.

படையல் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. வரிசையின் தலைமாட்டில் குழந்தையின் தாய்மாமன், சீர் கொண்டு வந்தவர். நான் வரிசைக் கடைசியில். ஒரு வாய் வைத்தேன், உப்பே இல்லை. எதிர் வரிசையைப் பார்த்தேன். இலை ஓரத்து உப்பைத் தேடி விரல்கள் போய்க்கொண்டிருந்தன. பதினொன்று வரை எண்ணினேன். மாமா முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இங்கிட்டு வாங்க" என்றார் தாய்மாமன். "கொழம்புல என்னங்க கொறை?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்போடு மடிப்பிலிருந்து கட்டை எடுத்து, "நம்ம மருமவன் சொல்லுவான் பாருங்க. மாப்ள, ஓடியா, ஒரு சீட்டு எடு" என்றார்.

எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி நின்று கறுப்பில் ஒன்றை, இஸ்பேட் ஏழை எடுத்தேன். சொருகுவதற்குள் தாய்மாமன் கட்டின்மேல் கையை வைத்துவிட்டார்.

"வெளையாட்டெல்லாம் பெறகு. நீங்க ஒரு வாய் வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஒரு கரண்டிக் குழம்பு மாமாவின் உள்ளங்கையில் விழுந்தது. குடித்தார். என் பக்கம் திரும்பினார். நான் சீட்டை மார்போடு ஒட்டி மறைத்துக்கொண்டேன்.

"உப்பு... லேசாத் தூக்கலாப் போச்சுங்க" என்றார் மாமா.

தாய்மாமன் இலையை மூடிவிட்டு எழுந்தார். "உப்புக் கல்லே விழல, தூக்கலாம்ல! சீர் தூக்கிட்டு வந்தவனுக்குச் சாவு வீட்டுச் சாப்பாடா?" அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா தோத்துட்டாரு! கறுப்பு! கறுப்பு!" என்று நான் இஸ்பேட் ஏழைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக் குதித்தேன்.

அதன் பிறகு மாமாவை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. விராலிமலையில் ரோட்டோர டீக்கடை ஒன்றில் கிளாஸ் கழுவப் போனார். அங்கேயே சில வருஷம் இருந்து செத்தும் போனார். இப்போது என் தட்டில் இருப்பதைச் சொல்ல எனக்கு ஒரு சீட்டு எடுப்பவர் யாருமில்லை. மருமகளிடம் கேட்டால் போதும்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான் ஜெயித்த கதையை அம்மாவிடம் மறுபடி மறுபடி சொன்னேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் மாமா மடியில் கட்டை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் ஐம்பத்தொன்றுதான். மீதி ஒன்று என் சட்டைப்பையில். எண்ணிப் பார்ப்பார், குறையும், என்னிடம் கேட்பார், எடுத்துக் காட்டி இன்னொரு முறை ஜெயிக்கலாம் என்று கீரனூர் வரும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமா எண்ணவே இல்லை.