லாரி முடிச்சு

எட்டு மாத வயிற்றோடு குனிய முடியாத மகளுக்கு அன்று காலையும் அப்பாதான் ஷூ கயிறு கட்டிவிட்டார். நாற்பது வருடம் லாரியில் பாரம் கட்டிய கை அது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக வெளிநாடு வந்தும் பழக்கம் போகவில்லை.

"என் தாலி முடிச்சே இவ்ளோ இறுக்கமில்லப்பா. போன வாரம் ஸ்கேன்ல நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்துட்டாங்க."

"தாலிய நான் கட்டலையேம்மா."

"நான் என்ன மூட்டையா தாத்தா?" என்று அடுத்துக் காலை நீட்டினாள் நான்கு வயதுப் பேத்தி.

"மூட்டை வாய் பேசாது. ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போங்க. பால் வாங்கிட்டு வந்து நானே அவுத்துவிடறேன்."

கடைக்குப் போகும் வழியிலேயே மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. மகளால் இப்போது நன்றாகவே குனிய முடிகிறது. அன்று எப்படியோ இழுத்து உருவிய ஷூ மட்டும், முடிச்சு அவிழாமல் வாசலிலேயே கிடக்கிறது.