பச்சை பெயிண்டுக்கு அடியில்

அண்ணன் மழை நாட்களில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க மாட்டார். ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டி அது. ஆவடியில் ஏலத்துக்கு வந்தபோது எடுத்து, பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கழற்றி மாட்டி ஓட வைத்திருந்தார். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். வானம் மூடிக்கொண்டால் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிச் சாக்கைப் போர்த்திவிட்டு, ஆவடிக்கு நடந்துபோய் ரயில் ஏறுவார்.

அறுபதுகளின் கடைசி அது. நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்தோம். அப்பா அம்மா இல்லை. அண்ணி முதல் பிரசவத்துக்காகப் பூந்தமல்லியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் எதையும் தேடவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் என் நண்பன் வந்தான்.

"மச்சான், பருத்திப்பட்டு ஏரி ரொம்பி வயியுதாம்டா. ஊரே போயி பாத்துகினு கீது. நீ இன்னா ஊட்லயே குந்திகினு கீற?"

அவன் கண் கொட்டகைப் பக்கம் போனது. என் கண்ணும் போனது. சாவி எங்கே தொங்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஏரிக்கரை மேல் ஏறும்வரை ஒன்றும் ஆகவில்லை. கரையில் நின்ற கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்காக இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். பின்சக்கரம் களிமண்ணில் ஒருமுறை வழுக்கி வாரியது. அவ்வளவுதான். நண்பன் கரையிலேயே விழுந்தான். நானும் வண்டியும் சரிவில் சறுக்கிக்கொண்டே போனோம். வண்டி மதகுக் கல்லில் போய் மோதி நின்றது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு, நண்பனுக்குக் கை வீங்கியிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அண்ணன் வருவதற்கு நான்கு மணி நேரம்கூட இல்லை. கிணற்றிலிருந்து நான் வாளி வாளியாக இறைக்க, நண்பன் ஒற்றைக் கையால் ஊற்றினான். ஏரிக் களிமண் தண்ணீரில் கரைவதில்லை, வழிகிறது. ஓர் இடத்தில் கழுவினால் இன்னோர் இடத்தில் போய் ஒட்டுகிறது. தேங்காய் நாரால் தேய்த்தேன். எஞ்சினின் மடிப்புகளுக்குள் புகுந்ததை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். மண் போகப் போகக் கீறல்கள் வெளியே வந்தன. சட்டத்தின் இடது பக்கம் முழுக்க, பச்சை பெயிண்ட் உரிந்து இரும்பு பல்லைக் காட்டியது.

ஆவடியில் லாரிகளுக்கு பெயிண்ட் அடிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. நண்பன் அங்கே ஓடிப்போய் ஒரு கொட்டாங்குச்சியில் பச்சை பெயிண்டும் உப்புத்தாளும் வாங்கி வந்தான். நான் கீறல்களைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

இதை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. கீறல் என்றால் அதன் மேல் நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே இறங்கும் சட்டத்தின் குழாயில், மதகுக் கல் பட்ட இடத்தில், முடி மாதிரி ஒரு கோடு இருந்தது. அதில் என் நகம் நின்றது. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். திரும்பவும் நின்றது.

"இன்னாடா பாத்துகினே கீற?" என்றான் நண்பன்.

"ஒண்ணும் இல்ல. கீறல்தான்."

அந்தக் கோட்டின் மேல் மட்டும் இரண்டு முறை பெயிண்ட் பூசினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். சாக்கைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார். கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மழை விட்ட பிறகு, மூன்றாவது ஞாயிறு, அண்ணியைப் பார்க்க அண்ணன் வண்டியில் கிளம்பினார். பூந்தமல்லிச் சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது சட்டம் ஒடிந்தது. எதிரே லாரி எதுவும் இல்லை, குறுக்கே மாடும் வரவில்லை. வண்டி தானாக இரண்டாக மடங்கியது, அவர் இடுப்பெலும்பு சாலையில் நொறுங்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அவரு மெதுவாத்தான போவாரு? மெதுவாத்தான போவாரு?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒடிந்த வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றி ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் குழாயின் முறிந்த வாயை வெளிச்சத்தில் காட்டினார்.

"இது இப்போ ஒட்ஞ்சது இல்ல நைனா. முன்னாடியே விரிசல் கீது. பாரு, உள்ள துரு ஏறிகீது. எவனோ மேல பெயிண்ட் அட்ச்சி மூடிகீறான். ஏலத்துல தள்ளிவுட்டானுங்களே, அவனுங்க வேலையாத்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

அண்ணன் ஐந்து மாதம் படுத்திருந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. நாள் முழுக்க லேத் முன்னால் நிற்க முடியாது என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மகள் பிறந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் முடியாது, மடியில் வைத்துக்கொள்வார். அவர் இருந்த அதே பட்டறையில் கெஞ்சி நான் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தை அண்ணியிடம் கொடுத்தேன். தம்பி திருந்திவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் சொன்னேன். அண்ணி குடிதண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நகம் நின்றது உட்பட.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பெயிண்ட பாத்தேன்டா" என்றார். "அன்னிக்கே பாத்தேன். நம்ம பச்ச வேற, அது வேற. எங்கியோ போயி வுய்ந்து வாரிகினு வந்துகீறேன்னு தெரிஞ்சிச்சி. நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். சொன்னா தொட்டுப் பாத்திருப்பேன்."

"நீ கேட்டிருக்கலாமேண்ணா."

"கேட்டிருக்கலாம்" என்றார். தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு, "அவளாண்ட சொல்லாத" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

திட்டியிருந்தால், அடித்திருந்தால், வெளியே போடா என்றிருந்தால் நான் எங்காவது போய்ப் பிழைத்திருப்பேன். அவர் எதுவும் செய்யவில்லை. நான் எங்கேயும் போகவும் இல்லை. பிறகு அவர்கள் கொரட்டூருக்கு, காவல் வேலைக்குப் பக்கமாக, குடிபோனார்கள். ஞாயிறுதோறும் போவேன்.

ஒரு ஞாயிறு பெரியவர்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி எனக்கு முதலில் மீன் துண்டை வைத்தார். "நீ மட்டும் இல்லாங்காட்டி நாங்க இன்னா ஆகியிருப்போமோ, தெய்வம் மாதிரி வந்து நின்ன" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடுடா, ஆறிடும்" என்றார்.

சாப்பிட்டேன்.