கவரோடு நட்ட புங்கன்

முனியம்மாள் கன்றின் தூரில் ஆள்காட்டி விரலை இறக்குகிறார். இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் போகிறது. வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். பொடியாக உதிர்ந்தால்தான் குடம் சாயும். அதுவும் பள்ளத்தின் ஓரத்தில் இல்லை, தூரை ஒட்டி, கையகலத்துக்குள். "பள்ளத்துக்கு ஏன் ஊத்தணும்? பள்ளமா தழையப் போவுது?" என்பார்.

வயது நாற்பத்தெட்டு இருக்கும். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பென்னாகரம் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய புளிய மரங்களுக்குப் பதிலாகப் புங்கன் நடும் வேலை. கறுப்பு பிளாஸ்டிக் கவரில் வரும் கன்றை, கவரைக் கிழித்துவிட்டு நட வேண்டும். அதற்காக அரை பிளேடு ஒன்றைத் தீப்பெட்டிக்குள் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். வாரம் மூன்று நாள் தண்ணீர் லாரி. அது ஹாரன் அடித்தால் வாயில் சோறு இருந்தாலும் எழுந்து ஓடுவார். இரண்டாவது ஹாரன் அடிக்க விட்டதே இல்லை.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிழல் தந்த புளிய மரமும் வெட்டில் போனது. அடுத்த சித்திரையில், பேருந்துக்கு நின்ற அவர் கணவர் பச்சியப்பன் அந்த இடத்திலேயே வெயிலில் சுருண்டு விழுந்தார். எழவில்லை. ஆடியில் கன்றுகள் வந்தபோது, நிறுத்தத்துக்கான பன்னிரண்டையும் நானே நடுகிறேன் என்று மேஸ்திரி குருவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றவர்கள் கவரைக் கிழித்து எறிந்து, மண்ணைத் தள்ளிவிட்டு நகர்ந்தார்கள். முனியம்மாள் இந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் கவரைக் கழற்றவில்லை. "எங்கூரு மண்ணு தண்ணிய நிறுத்தாதுங்க. கவரு இருந்தா கசியாம வேருக்கிட்டயே நிக்கும்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னார். லாரி வராத நாட்களில் வீட்டுத் தண்ணீரையும் இரண்டு குடம் சுமந்து வந்து ஊற்றினார்.

தையில் இலை பழுத்தது. மாசிக்குள் பதினொன்று காய்ந்துவிட்டன. யாரும் கவனிக்காத, கிழித்து நட்ட வரிசை இடுப்பளவு உயர்ந்து நின்றது.

"ஏக்கா, ஊட்டி ஊட்டியே கொன்னுட்டியே!" என்று கூட வேலை செய்யும் சசிகலா சிரித்தாள்.

காய்ந்ததைப் பிடுங்கியதும் அவள் சிரிப்பு நின்றது. வெளியே மண் சேறாக இருந்தது. கவரின் வாய் தூரோடு மடிந்து கிடந்ததால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, மண் கல்லாகியிருந்தது. வேர் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தது. முனியம்மாள் அதை மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மூச்சு முட்டிப் போச்சு சசி. நானே கட்டி வச்சிருக்கேன்."

விரலை இறக்கிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

மிச்சம் ஒரே ஒரு கன்று. அதைத் தொடக் கூடாது என்றார் குரு. "வெள்ளிக்கெழம ஆபீஸ்லருந்து போட்டோ எடுக்க வராங்க. அதுவரைக்கும் பச்சையா நின்னா போதும். தோண்டி அது செத்துச்சுன்னா நீ வேலைக்கு வராத."

"அதுக்கப்புறங்க?"

"அப்புறம் எப்படிப் போனா நமக்கென்ன?"

நேற்று, புதன்கிழமை, மூன்று மணி வெயிலில் நான் பேருந்தை விட்டு இறங்கியபோது, அவர் அந்தக் கன்றைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டி முடித்திருந்தார். மண்கட்டியோடு தூக்கி, கவரைப் பிளேடால் மேலிருந்து கீழாக மூன்று கீறல் கீறி உரித்தார். சுருண்ட வேரை அறுத்தார். மறுபடி நட்டுத் தூரில் ஒரு குடம் ஊற்றினார். கன்று தாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் துவண்டு தொங்கின.

லாரி ஹாரன் அடித்தது.

முனியம்மாள் எழுந்தார். சூரியன் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்தார். கன்றுக்கும் வெயிலுக்கும் நடுவில் போய், முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் நிழல் கன்றின் மேல் விழுந்தது. லாரியிலிருந்து குரு கத்தினார். இரண்டாவது ஹாரன் அடித்தது. முனியம்மாள் அரையடி இடப்பக்கம் நகர்ந்தார், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையும் நிழலுக்குள் வரும்படி.