கூடாரத்துக்குப் பால் பூசிய கிராணி

கல்லுமலை ரப்பர் தோட்டத்து ஆபீசில், கூலிகளின் பேர் எழுதும் சின்னையா கிராணிக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் நடுவில் இருந்தவர் ஒரே ஒருவர்தான், பெரிய கிராணி. அவரும் 1924-இல் வயிற்றுவலி என்று சொல்லிக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அவர் விட்டுப் போன நாற்காலி காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கை வைத்தது, முதுகுக்குப் பிரம்பு பின்னியது. சின்னையாவுக்கு வாய்த்ததோ முதுகில்லாத முக்காலி. பன்னிரண்டு வருஷம் அதில் குந்திப் பேர் எழுதியதில் மனிதர் அரிவாள் மாதிரி வளைந்துவிட்டார். துரை இல்லாத நேரம் பார்த்து அந்த நாற்காலியைத் தோள்துண்டால் துடைப்பார். உட்காரமாட்டார். துடைப்பதற்கே முகத்தில் கல்யாணக்களை வந்துவிடும்.

பெரிய கிராணி வேலை யாருக்கு என்று துரை வாயைத் திறக்கவில்லை. "ஈஸ்டர் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். ஈஸ்டருக்கு அவருக்கு வேறு கவலை இருந்தது. பதினாறு கதவு வைத்த பங்களாவில் துரைசாணிக்குக் காற்று வரவில்லையாம். லுமுட் பக்கம் கடற்கரையில் துணியால் ஒரு வீடு கட்டி, மூன்று நாள் மணலில் படுத்து எழுந்தால்தான் உடம்பு தேறுமாம்.

செய்தி கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்ததும் ராக்காயி சிரித்தாள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள், கத்தியைவிட வாய் கூர்மை.

"துணிச்சுவரு, மண்ணுத்தரை, கதவு கெடையாது, கொசுக்கடி. இதுக்கு லுமுட்டுக்குப் போவானேன்? நம்ம லயத்துக்கு வந்தா போதாதா?"

சின்னையா சிரிக்கவில்லை. கடற்கரைப் பயணத்தைக் குறையில்லாமல் நடத்திக் கொடுத்தால் நாற்காலி தனக்குத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார். துரையிடம் போய் எல்லாப் பொறுப்பையும் தலையில் வாங்கிக்கொண்டார். கடலைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்றும் சொல்லி வைத்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாள் முதல் பினாங்கில் இறங்கும்வரை அடித்தட்டில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தவர் அவர். அதையும் சமுத்திர அனுபவம் என்றுதான் சொல்லவேண்டும்.

நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதினார். கடலுக்குப் போகிறவர்கள் குளிக்க இரும்புத் தொட்டி. மணலில் படுக்கப் போகிறவர்களுக்கு மேசைவிரிப்பு மூன்று. அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு கிராமபோன். உயிர்க்கோழி எட்டு. எல்லாம் இருந்தது, கூடாரந்தான் இல்லை. துரையின் பழைய கூடாரத்தைக் கரையான் தின்றிருந்தது. சிங்கப்பூருக்கு எழுதினால் வந்து சேர இரண்டு மாதம்.

அப்போதுதான் கிராணியின் மூளையில் விளக்கு எரிந்தது. ரப்பரை அளவோடு ஏற்றுமதி செய்யச் சொல்லிச் சட்டம் வந்திருந்த காலம் அது. மரத்துப் பால் மிஞ்சிக் கிடந்தது.

"நம்ம தோட்டத்துலேயே செஞ்சுரலாங்க துரை. கித்தான் துணியில தெச்சு, மேல பால் பூசி, புகைவீட்டுல மூணு நாள் தொங்கவிட்டா மழை ஒரு சொட்டு எறங்காது."

துரைக்கும் அது பிடித்துப்போயிற்று. லயத்தில் தையல் தெரிந்தவள் ராக்காயிதான் என்பதால் அவளைக் கூப்பிட்டார்கள். தைத்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"ஐயா, எங்க லயத்துக் கூரையும் ஒழுகுது. அதுக்கும் ரெண்டு வாளி பூசுனா என்ன?"

"நீ ஊசியப் பாத்து வேலை செய்."

மூன்று தடவை பால் பூசி, மூன்று நாள் புகையில் தொங்கி, கூடாரம் வெளியே வந்தது. கருப்பட்டி நிறம். வழியில் நின்ற எருமை அதைத் தன் மூத்த அண்ணன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டதாம். பங்களா வாசலில் அதை நிறுத்தி, துரை கண் முன்னாலேயே பன்னிரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினார் சின்னையா. துரை உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

"நல்லா இருக்கு, சின்னையா" என்றார்.

அன்று சாயங்காலம் கிராணி நாற்காலியைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம் உட்கார்ந்து எழுந்தார்.

புறப்படுகிற காலையில் கூடாரத்தை மடிக்கத் தொடங்கியபோது ராக்காயி ஓடிவந்தாள். மேலே அவள் வெட்டுக்குப் போடும் சட்டை இருந்தது. ஏழு வருஷம் பால் தெறித்துத் தெறித்து, கழற்றி வைத்தால் தானாக நிற்கும். சில நாள் அவளுக்கு முன்பே, விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றுவிடும் என்றும் சொல்வார்கள்.

"மடிக்காதீங்க ஐயா. இந்தச் சட்டைய நான் ஒருநாளும் மடிச்சதில்ல, ஆணியிலதான் மாட்டுவேன். ஒருதடவ மடிச்சு வெயில்ல வெச்சேன், ஒட்டிக்கிட்டு கை எது கழுத்து எதுன்னு தெரியல. விரிச்சுக் கொண்டுபோங்க. இல்லாட்டி நடுவுல அரிசிமாவாச்சும் தூவுங்க."

"துரை கூடாரம் என்ன ரொட்டியா, மாவு தூவிச் சுருட்ட? உன் கிழிஞ்ச சட்டையும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லீங்க. என்னுது ஏழு வருஷம் தாங்கிருச்சு."

கிராணி கூடாரத்தை எட்டாக மடித்தார். காற்றுப் போகத் தானே அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினார். கயிறு போட்டு இறுக்கி லாரிக்குள் அடியில் வைத்து, அதன் மேல் இரும்புத் தொட்டி, தொட்டிக்குள் கோழிகள். சித்திரை வெயில். பேராக் ஆற்றைத் தாண்டும்போதே லாரி ஓட்டிய அப்பாவுவுக்கு மூக்கு அரித்தது.

"கிராணியையா, பின்னாடி என்னமோ வேகுற வாசம் வருது. கோழியா?"

"கோழி உசுரோட இருக்கு. நீ ரோட்டப் பாரு."

கடற்கரையில் கயிற்றை அவிழ்த்தார்கள். கூடாரம் விரியவில்லை. எட்டு மடிப்பும் ஒரே மடிப்பாகி, செங்கல் சூளையில் எடுத்த கல்லைப் போலச் சதுரமாக உட்கார்ந்திருந்தது. நான்கு பேர் நான்கு மூலைக்கு இழுத்தார்கள். கடப்பாரை போட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். துரை பொறுமையிழந்து ஒரு காலை அதன்மேல் ஊன்றி இழுத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. துரைசாணி காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குடை பிடித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துவிட்ட கோழிகள் மட்டும் கடற்காற்றை அனுபவித்தன.

மேகம் கறுத்து மழை கொட்டியது. துரை ஒற்றைப் பூட்ஸோடு அந்தப் பொட்டலத்தை இரண்டு தரம் சுற்றிவந்து நின்றார்.

"சின்னையா, கதவு எங்கே?"

கிராணி குனிந்து மடிப்பு ஒன்றில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் அவர் சார்பில் சொல்லவேண்டும். அவ்வளவு மழையிலும் கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

துரையும் துரைசாணியும் லுமுட் ரெஸ்ட் ஹவுஸில் மூன்று நாள் இருந்தார்கள். அங்கேயும் காற்றுப் போதவில்லையாம். தோட்டத்துக்குத் திரும்பிய மறுவாரமே சிலிம் ரிவர் பக்கமிருந்து ஒருவர் பெரிய கிராணியாக வந்தார். பருத்த சரீரம். நாற்காலிக்கும் அவருக்கும் இடையில் துண்டை நுழைத்துத் துடைக்கக்கூட இடமில்லை.

லாரியில் திரும்பி வந்த கூடாரத்தை எரித்தால் மூன்று தோட்டத்துக்கு நாறும் என்று ஆபீஸ் மூலையில் போட்டு வைத்தார்கள். சில மாதத்தில் முக்காலியின் காலைக் கரையான் தின்றது. புது முக்காலி கேட்கச் சின்னையாவுக்கு முகமில்லை. கூடாரத்தை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேரெழுத ஆரம்பித்தார். மெத்தென்றுதான் இருந்தது. முதுகுதான் இல்லை.

காலையில் ஒரு குறையுமில்லை. மத்தியான வெயிலில் தகரக்கூரை காய்ந்ததும் அது இளகிக் கிராணியைக் கவ்விக்கொள்ளும். ஒருநாள் அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். சின்னையாவும் எழப் பார்த்தார். வேட்டி வரவில்லை. வேட்டியை விட்டு எழலாம். அது இன்னும் மரியாதைக் குறைவு. அப்படியே உட்கார்ந்தபடி, "சலாம் துரை" என்றார். துரை அந்தக் கருப்பட்டிப் பாளத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவன் இதைக் கண்ணால் பார்த்தான். துரை எதிரே வந்தால் குடையை மடக்கிச் சாக்கடையில் இறங்கி நிற்கிற காலம். துரைக்கு எழுந்து நிற்காத ஒரு தமிழன் கல்லுமலையில் இருக்கிறான் என்று பத்து காஜா டவுன் வரைக்கும் பேச்சுப் பரவிற்று. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வாலிபர்கள் அவரைத் தரிசிக்க வந்தார்கள். சின்னையா கிராணி அவர்களிடம் எதையும் மறுக்கவில்லை. மீசையை மட்டும் கொஞ்சம் நீளமாக வளர்த்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் ராக்காயியைக் கேட்டான். "நெசமாவே துரைக்கு எந்திரிக்க மாட்டாராக்கா? அம்புட்டுத் தைரியமா?"

ராக்காயி தன் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாட்டாரு தம்பி. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வந்து பாரு. காலையில வந்தா எந்திரிச்சிருவாரு."