தங்கூசி கட்டிய எஞ்சின்

என் சித்தப்பாவின் கையொப்பம் மிக அழகானது. வாசிக்காமல் இடப்படும் கையொப்பங்களுக்கே உரிய வேகமும் தன்னம்பிக்கையும் அதில் உண்டு.

துறைமுகத்தையும் திமிங்கிலங்களையும் சுற்றுலாப் பயணிகளுக்கு வானிலிருந்து காட்டும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை அவர் பராமரித்து வந்தார். சல்லிக் கிராமத்தில் படகு எஞ்சின் திருத்திப் பழகிய கை. கடலில் எஞ்சின் நின்றால் துடுப்பை எடுக்கலாம் என்ற நிம்மதியை அவர் ஆகாயத்துக்கும் கொண்டுபோயிருந்தார்.

அவர் ஒயில் மாற்றிய மறுநாள், பயணிகளை ஏற்றுமுன் விமானி தனியாகப் பறந்து பார்த்தார். நிலாவெளிக்கு மேலே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மனிதர் பதறாமல் கடற்கரையில் இறக்கி, காயப்போட்டிருந்த கரைவலைக்குள் மூக்கைச் செருகி நிறுத்தினார். தோள் எலும்பு மட்டும் முறிந்தது.

செய்தி வந்தபோது விடுமுறையில் வீட்டில் இருந்தேன். பராமரிப்புக் கோப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சித்தப்பா என்னையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிச் சென்றார்.

"வாங்கோ மாஸ்டர்," என்றார் வலைக்காரர் ஒருவர். "ரெண்டு நாளா ஒரு சூடை மீனும் படேல்ல. இண்டைக்குத்தான் பெரிசா ஒண்டு பட்டிருக்கு. அறுக்கத்தான் ஏலாது."

சித்தப்பா சிரிக்கவில்லை. எஞ்சினுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். ஒயிலை வடித்துவிடும் திருகாணி தளராதிருக்க அதை மெல்லிய உருக்குக் கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். அங்கே திருகாணியும் இல்லை, கம்பியும் இல்லை. மீன்பிடிக்கும் நைலோன் தங்கூசி நூல் உருகி, கண்ணாடி மணிபோலத் தொங்கியது.

"கம்பி முடிஞ்சுது பிள்ளை. கொழும்பில இருந்து வரவேணும். அதுதான் தங்கூசியால இறுக்கினனான். பாரை மீன் இழுத்தும் அறாத சாமான்!"

"பாரை மீன் கொதிக்காதே, சித்தப்பா."

கோப்பைத் திறந்தேன். 'உருக்குக் கம்பி இடப்பட்டது' என்று முன்பே அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே அந்த அழகிய கையொப்பம்.

விமானி தாழப் பறந்ததே காரணம் என்று விமானத்தின் முதலாளி அன்று மாலையே முடிவு செய்துவிட்டார். விசாரணையாளர்களும் அதை ஏற்றால் விமானியின் பறக்கும் உரிமம் போய்விடும். முறிந்த தோளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், தோள் தேறினாலும், பிறகு ஒருபோதும் பறக்க முடியாது. எஞ்சினைப் பற்றிய விளக்கக் கடிதம் சித்தப்பாவிடமிருந்து விசாரணையாளர்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"நீ இலக்கியம் படிக்கிற பிள்ளை. வடிவா எழுதித் தா. எஞ்சினில ஒரு பிழையும் இல்லை, அவர்தான் அவசரப்பட்டவர் எண்டமாதிரி."

"நடந்ததைத்தான் எழுதுவன்."

"ஓம் ஓம், அதைத்தான் வடிவா எழுது."

நான்கு பந்திகள் எழுதினேன். தங்கூசியின் தடிப்பு, அது உருகிய விதம், திருகாணி கழன்றது, ஒயில் ஒழுகியது, விமானி தரையிறக்கிய திறமை. உவமை ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை சித்தப்பா கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது நீட்டினேன்.

"வாசிச்சுப் பாருங்கோ."

"நீ எழுதினதில பிழை வருமே?" என்று முழங்காலில் வைத்தே கையொப்பமிட்டு, உறையிலிட்டு, எடுத்துப் போனார். என் ஆக்கங்களில் உரிய வாசகரைச் சென்றடைந்தது இன்றுவரை அது ஒன்றுதான்.

விமானிக்கு உரிமம் மிஞ்சியது. தோள் தேறி மீண்டும் பறக்கிறார். சித்தப்பா சல்லியில் மறுபடியும் படகு எஞ்சின் திருத்துகிறார். என்னோடு கதைப்பதில்லை. "என்ன எழுதினவள் எண்டு எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல," என்று அம்மாவிடம் குறைப்படுகிறாராம்.

நானூறு சொற்கள் சொல்லியிருந்தேன், தெளிவான கையெழுத்தில்.